நாலு நாளும் மூன்று நகரங்களும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வெளிநாட்டில் படித்த காலத்து அனுபவம் ஒன்றைச் சொல்லும்படி சங்கச் செயலாளர் கேட்டார். "ஆனால் ஆஸ்பத்திரிக் கதை வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி இல்லாமல் கதைப்பது எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆகவே, பிணம் அறுத்த இடங்களைப் பார்க்கப் போன கதையைச் சொல்லுகிறோம்.

'நாங்கள்' என்று சொல்வது பணிவுக்காக அல்ல. உண்மையிலேயே மூன்று பேர். இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். 2013இல் மூவரும் இங்கிலாந்தில், மூன்று வேறு ஊர்களில் இருந்தோம். இருவர் பட்டப்பின் பயிற்சியின் வெளிநாட்டு ஆண்டுக்குப் போன வைத்தியர்கள், ஒருத்தி பொறியியல் முதுமாணி மாணவி. மே மாத விடுமுறை ஒன்றோடு லீவு சேர்த்து நாலு நாள் கிடைத்தது. இத்தாலிக்குப் போவோம் என்று முடிவெடுத்தோம். எங்கள் கடவுச்சீட்டுக்கு விசா எடுக்க வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காப்புறுதி, தங்குமிடப் பதிவு எல்லாம் வேண்டியிருந்தது. நாலு நாள் பயணத்துக்கு ஆறு வார ஆயத்தம்!

முதலில் பொலோனியா. 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. நகரத்தின் தெருவோரமெல்லாம் வளைவுகள் தாங்கிய தாழ்வாரம். எங்கள் பாஷையில் சொன்னால், ஊர் முழுக்க ஒரே விறாந்தை. மழை பெய்தும் நாங்கள் குடை விரிக்கவில்லை.

பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தில் மரத்தாலான உடற்கூற்றியல் அரங்கு ஒன்று உண்டு. 1944இல் குண்டுவீச்சில் நொறுங்கிப்போனதை, இடிபாட்டிலிருந்து பொறுக்கிய துண்டுகளை வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நூலகம் எரிந்த ஊரிலிருந்து போன எங்களுக்கு அந்தச் செய்தி போதும். அதிகம் கதைக்காமல் ஒருமுறை சுற்றிவிட்டு வெளியே வந்தோம்.

ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது வேறொரு மண்டபம். 18ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த அன்னா மொராந்தி மன்சோலினி என்ற பெண் மெழுகினால் செய்த உடலுறுப்புகள் அங்கே இருக்கின்றன. கண், காது, கை என்று ஒவ்வொன்றும் அவ்வளவு திருத்தம். வீட்டிலேயே உடற்கூற்றியல் படிப்பித்தவர் அவர். தன்னையும் மெழுகில் செய்து வைத்திருக்கிறார். பட்டுடுப்பும் நகையும் அணிந்து, மனித மூளை ஒன்றைத் திறந்தபடி இருக்கிறார். தன் கணவரையும் செய்திருக்கிறார். அவர் கையில் இதயம். "அவருக்கு இதயம், இவவுக்கு மூளை. வழமைக்கு மாறாக் கிடக்குது" என்றாள் பொறியியற்காரி. காவலாளி திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்துவிட்டோம்.

மெழுகைக் கண்டதும் மூவருக்கும் ஒரே நினைவுதான். இடப்பெயர்வு முடிந்து திரும்பி வந்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. விலங்கியல் ரீச்சர் மீன் ரின்களைச் சேர்த்து, மெழுகுதிரி உருக்கி ஊற்றி, வெட்டுத் தட்டு செய்து தந்தார். கத்திக்குப் பதில் சவர அலகு. பின்னேர வகுப்பில் இருட்டிவிட்டால், ஜாம் போத்தல் விளக்கை அவரே கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். மண்ணெண்ணெய் விலை தெரிந்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

அன்று பின்னேரம் எங்களில் ஒருத்தி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். யாரென்று கேட்கவேண்டாம், மூவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறோம். மூன்று வயது மகன் அம்மம்மாவோடு ஊரில். "நான் அம்மம்மாவோடை இருக்கிறன், நீங்கள் வரத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. சத்திரசிகிச்சைப் பயிற்சியை விட்டுவிட்டுத் திரும்பப் போகிறேன், வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்தால் போதும் என்றாள். பயிற்சி தொடங்கும்போதே "இது பொம்பிளையளுக்குச் சரிவராது" என்று சொன்ன ஒருவரின் குரல் அவள் காதில் இன்னும் இருந்தது. நாங்கள் இருவரும் புத்தி சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதே உண்மை.

மறுநாள் ரயிலில் ஒரு மணித்தியாலம் போனால் பாதுவா. 1222இல் தொடங்கிய பல்கலைக்கழகம். கலிலியோ படிப்பித்த இடம், இரத்தச் சுற்றோட்டத்தை விளக்கிய ஹார்வி 1602இல் பட்டம் பெற்ற இடம். படிக்கட்டடியில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. எலெனா கொர்னாரோ பிஸ்கோபியா. 1678இல் தத்துவவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், உலகில் அப்பட்டம் பெற்ற முதற் பெண் என்று போற்றப்படுபவர். அவர் கேட்டது இறையியற் பட்டம். பெண்ணுக்கு அது கொடுக்க முடியாது என்று ஆயர் மறுத்தபடியால்தான் தத்துவவியல் கிடைத்தது. 38 வயதில் இறந்துபோனார். அவருக்குப் பின் இன்னொரு பெண்ணுக்குப் பட்டம் கொடுக்க அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. முதலாமவர் என்று சிலை வைப்பது சுகம், இரண்டாமவருக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான் கஷ்டம் என்று அங்கே நின்று கதைத்துக்கொண்டோம்.

அதே கட்டடத்தில் 1595இல் அமைத்த உடற்கூற்றியல் அரங்கு இன்றும் அப்படியே இருக்கிறது. மேலே ஏறவிடமாட்டார்கள். கீழே, பிணத்தைக் கிடத்திய குழிக்குள் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும். முட்டை வடிவில் ஆறு அடுக்குகள், ஒவ்வொன்றும் ஒருவர் நிற்கும் அகலம்தான். பெண்களை மாணவியராகச் சேர்க்காத காலத்து அடுக்குகள். எங்கள் தோழி அந்தக் குழிக்குள் நெடுநேரம் நின்றாள். வழிகாட்டி இரண்டு தரம் கூப்பிட்டார். வெளியே வந்து, "அங்கை நிண்டு பாத்தால் முழுப்பேரும் என்னைத்தான் பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கடைசி நாள் வெனிஸ். கூட்டம், விலை, கால்வலி. 1423இலேயே கொள்ளைநோய்க்காரருக்குத் தனித் தீவு ஒதுக்கிய நகரம் அது. தொற்றுத் தடுப்புக்காகக் கப்பல்களை மறித்து வைத்த நாற்பது நாளிலிருந்துதான் 'குவாரன்டைன்' என்ற சொல்லே வந்தது. அன்று அதைப் பாடக்குறிப்புப் போலக் கேட்டோம். 2020இல்தான் விளங்கியது.

கால்வாய்க் கரையிலிருந்து அவள் மறுபடி வீட்டுக்கு எடுத்தாள், இந்தமுறை வீடியோவில். மகன் தாயைக் கவனிக்கவில்லை. வள்ளங்களை எண்ணினான். பதினொன்று வரை எண்ணிவிட்டு, "அம்மா, நீங்கள் எப்ப வருவியள்?" என்றான். "இன்னும் அஞ்சு மாதம்" என்றாள். அந்த ஐந்து மாதத்தையும் முடித்துவிட்டுத்தான் வந்தாள். மகன் இப்போது தாயைவிட உயரம். இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றுதாம், வர்த்தகம் படிக்கப் போகிறானாம்.

பாதுவாவிலிருந்து எங்கள் விலங்கியல் ரீச்சருக்கு அந்த அரங்கின் படம் போட்ட தபாலட்டை ஒன்று அனுப்பியிருந்தோம். பதிற் கடிதத்தில் ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தார்: "யன்னலைக் காணேல்லை, பிள்ளையள். வெளிச்சத்துக்கு என்ன செய்தவை?" வேலைப் பளுவில் பதில் எழுதாமல் விட்டுவிட்டோம். ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். மாணவர்கள்தான் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றவையாம், ரீச்சர்.