இனாமாக வந்த டின்



1939ஆம் ஆண்டு, சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்திலே சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவ அம்மையார் பேச எழுந்தார். தம் பேச்சுக்கு அவர் இட்ட தலைப்பு, ‘பாலும் கொலையும்’!

ஏன் அந்தத் தலைப்பு? சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டின் பால், பச்சிளங் குழந்தைகளுக்கு உகந்த உணவென்று அந்நகரிலே விற்கப்பட்டது. விற்க வந்த பெண்கள் தாதியர்போல் உடை தரித்து வந்தனர். அந்த உடையைக் கண்டால் ஏழைத் தாய் நம்பத்தானே செய்வாள்? பொய்யுரை பரப்பிக் குழந்தைகளைச் சாகவிடுவதைக் கொலையென்றே கொள்ளவேண்டும் என்றார் அம்மையார்.

பிற்பாடு மாவுப்பால் வாணிபம் பெருகிற்று. அந்த வாணிபத்தின் சூட்சுமத்தைக் கூர்ந்து நோக்குங்கள். தாய்ப்பால் ஊற்றுப் போன்றது. பிள்ளை சுவைக்கச் சுவைக்கச் சுரக்கும், சுவைக்காவிடில் வற்றும். வணிகன் இதை அறிவான். பிள்ளை பெற்றவளிடம் ஒரு டின்னை இனாமாகத் தந்தான். பிள்ளை அழுதால், “உனக்குப் பால் போதாது” என்று அண்டை வீட்டாரும் சொன்னார்கள். டின் தீருவதற்குள் மார்பு வற்றியது. அடுத்த டின்னுக்கு விலை! கூலிக்காரி என்ன செய்வாள்? நான்கு நாள் மாவைப் பத்து நாளைக்கு நீட்டிக் கரைத்தாள். கரைத்த தண்ணீரோ குட்டைத் தண்ணீர். அதன்பின் வயிற்றுப்போக்கு, அதன்பின் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமோ?

1974இல் லண்டனில் வெளியான ‘குழந்தைக் கொல்லி’ என்ற சிறுநூல் இதனை உலகறியச் செய்தது. அதை நெஸ்லேயின் பெயரையே தலைப்பில் ஏற்றி ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சுவிஸ் நாட்டவர்மீது அந்நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976இல் பெர்ன் நீதிமன்றம் வெளியிட்டோருக்கு அபராதம் விதித்தது. கூடவே, விளம்பர முறையை மாற்றிக்கொள்ளுமாறு நிறுவனத்துக்கும் புத்தி சொல்லிற்று. வென்றவர் யார்?

1981இல் உலக சுகாதாரப் பேரவை விற்பனை நெறியொன்றை நிறைவேற்றியது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அமெரிக்கா! இந்தியா 1992இல் சட்டமே இயற்றிற்று: விளம்பரம் கூடாது, இனாம் மாதிரியும் கூடாது. நல்ல சட்டந்தான். தாயற்ற பிள்ளைக்கும், பால் சுரக்காத தாய்க்கும் டின் வேண்டும், மறுக்கவில்லை. அதை மருத்துவர் சொல்லட்டும், விற்பவன் சொல்லவேண்டாம்.

ஆனால், “இக்காலப் பெண்களுக்குப் பால் கொடுக்கச் சோம்பல்” என்று ஏசுவோர் நம்மிடையேயும் உளரே! அவர்களைக் கேட்கிறேன்: பேறுகால விடுப்பு 2017இல் 26 வாரமாயிற்றே, அது யாருக்கு? தொழிற்சாலையிலே, தோட்டத்திலே, பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்திலே பணிபுரிபவளுக்கு. நாற்று நடப் போகிறவளுக்கும், வீட்டுவேலைக்குப் போகிறவளுக்கும் அந்த 26 வாரத்தில் ஒரு நாள்கூட இல்லை.