துண்டு வெட்டினால் எங்கே போவது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவைப் பற்றிப் பேசும்படிதான் சங்கம் என்னைக் கேட்டது. சீனியைக் குறையுங்கள், நடவுங்கள், ஒவ்வொரு இரவும் பாதத்தைப் பாருங்கள். பேசிவிட்டேன். மிச்சத்தைத் தேநீர் நேரத்தில் தனித்தனியே கேளுங்கள். எனக்குத் தந்த நேரத்தை வேறொரு விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். செயலாளர் கோபிக்கக்கூடாது.

கடந்த மாரியில் என் வாட்டில் அறுபது கடந்த ஓர் அம்மா இருந்தார். நீரிழிவுக்காரர், காலில் புண். மூன்று கிழமையில் புண் நன்றாகக் காய்ந்து வந்தது. "நாளைக்குத் துண்டு வெட்டுறன் அம்மா" என்றேன். "இன்னும் ரெண்டு நாள் வைச்சிருங்கோ பிள்ளை" என்றார். இரண்டு நாள் கழித்தும் அதே பதில். அடுத்த நாள் காலையில் பார்த்தால் கட்டு நனைந்திருந்தது. இரவில் கட்டை அவிழ்த்துத் தானே புண்ணைக் கிளறியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, பேசியும் விட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் மெல்லச் சொன்னார்: "அவவுக்குப் போக இடமில்லை டொக்டர். புண் மாறினா கட்டில் போயிடும்."

அந்த அம்மாவுக்கு வீடு இருந்தது. கல்வீடு, நாலு பரப்பு வளவு, நல்ல தண்ணீர்க் கிணறு. தாயிடமிருந்து சீதனமாய் வந்தது. மகளின் கலியாணத்தின்போது அதை அப்படியே நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டார். சீவிய உருத்தை வைத்து எழுதுங்கள் என்று நொத்தாரிசு சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததால் அதையும் விட்டுக்கொடுத்தார். பிறகு மகளும் மருமகனும் வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டுவதற்கு வீடு விலைப்பட்டது. மகளிலும் பிழை சொல்ல மாட்டார். "அதுகும் அங்க கஷ்டப்படுது" என்பார். ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் கொஞ்சக் காலம், பிறகு வாடகை அறை ஒன்று. வாடகை கட்ட முடியாமல் போனபின் சந்நிதி மடம்.

சந்நிதியை இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்னதானக் கந்தன் என்று பெருமையாகச் சொல்கிறோம். குடாநாட்டில் வீடில்லாதவருக்கு எந்தப் படிவமும் கேட்காமல் ஒதுங்க இடமும் ஒரு நேரச் சோறும் தருவது அந்த மடங்கள்தான். ஆனால் காலில் புண்ணோடு, இன்சுலின் போத்தலோடு, மாரி காலத்தில் மடத்து விறாந்தையில் எத்தனை நாள் படுப்பது?

நான் ரெலிபோனை எடுத்தேன். டொக்டர் என்றால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நினைத்திருந்தேன். கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. அதற்குக் கிராம அலுவலர், பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் என்று வழி போகிறது. பின்னேரம் கேட்டு விடியப் போய்ச் சேரக்கூடிய இடம் அல்ல. அடிக்கும் புருசனிடமிருந்து ஓடிவரும் பெண்ணுக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அடிப்பவரை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கவும் முடியும். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். என் அம்மாவை யாரும் அடிக்கவில்லை. எந்தப் பெட்டிக்குள்ளும் அவர் அடங்கவில்லை. வீடில்லாமல் தெருவில் நிற்பவருக்கென்று நமது நாட்டில் மிகப் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது: 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். அது கூரை கொடுக்க வந்ததல்ல, பிடித்து அடைக்க வந்தது. இந்தியாவில் 2010 இல் உச்ச நீதிமன்றம் பெரிய நகரங்களில் இலட்சம் பேருக்கு ஓர் இரவுத் தங்குமிடம் வேண்டும் என்று உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சி அப்படியான இடங்களை நடத்துகிறது. அப்படியொன்றைத்தான் நான் இங்கே தேடினேன்.

அக்காமாரே, வீடில்லாமல் நிற்பது என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு எனக்குப் பதின்மூன்று வயது. சைக்கிள் கரியரில் அம்மம்மா, ஹான்டிலில் உரப்பை, வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மீசாலையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலையில் நின்றோம். அந்த வீட்டு அன்ரி எங்களை எந்த ஊர், எந்தக் குறிச்சி, ஆருடைய பிள்ளைகள் என்று கேட்கவில்லை. "தலைவாசல்ல பாயைப் போடுங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்றார். அந்தத் தலைவாசலில் ஐந்து மாதம் ஏழு குடும்பம் இருந்தோம். சண்டையும் பிடித்தோம், கிணற்றடியில்தான் கூட.

அதே ஒக்ரோபர் 30, ஐந்து வருடம் முந்தி, 1990 இல், எங்கள் ஊர் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அப்போது நாங்கள் எந்தத் தலைவாசலையும் திறக்கவில்லை. புத்தளத்தில் இருந்து திரும்பி வந்தவர்கள் ஒரு குடும்பமாய்ப் போனவர்கள், பிள்ளைகள் கலியாணம் கட்டி மூன்று நாலு குடும்பமாய் வந்தார்கள். காணி உறுதி மட்டும் ஒன்றே ஒன்று.

அந்த 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனம், மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் கோணாப்புலத்திலும் முகாம்களில் கால் நூற்றாண்டைக் கழித்தது. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தலை ஒட்டினார்கள். 2015 டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணாப்புலம் முகாமுக்கு வந்து ஆறு மாதத்தில் தீர்வு என்றார். மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். கொட்டிலில் பிறந்த பிள்ளைக்குக் கொட்டிலிலேயே பிள்ளை பிறந்ததை நான் கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

வீடு கட்டித் தரவில்லை என்று சொல்ல மாட்டேன். இந்திய வீட்டுத்திட்டம் 2012 இல் இருந்து வீடொன்றுக்கு 5,50,000 ரூபாவைக் கட்டம் கட்டமாகக் கணக்கில் போட்டது. சனம் தாங்களே கட்டியது. பலருக்கு அந்தக் காசு கூரைவரை போகவில்லை, நகை அடைவுக்குப் போனது. என்றாலும் அது தங்கள் விருப்பத்துக்குக் கட்டிய கல்வீடு. பிறகு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்றார்கள், ஒன்று 21 இலட்சம் அளவில். நம்மூர் வெயிலுக்குள் இரும்புச் சுவரா என்று மக்கள் கேட்டதும் நியாயம், அது நின்றுபோனதும் நல்லது. ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் முதற் கேள்வி ஒன்றுதான்: காணி உறுதி இருக்கிறதா? முகாமில் கடைசிவரை மிஞ்சியவர்களில் பலர் போருக்கு முந்தியும் காணி இல்லாதவர்கள். பிறர் வளவில் குடியிருந்தவர்கள், கடற்கரையில் கொட்டில் போட்டிருந்தவர்கள். அது ஏன் என்று இங்கே விரித்துச் சொன்னால் சிலருக்கு முகம் மாறும். சொல்லாமல் விட்டாலும் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன். நான் காலையில் கிளினிக்குக்குப் போகும் ஒழுங்கையில் நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒன்றில் வேம்பு கூரைக்குள்ளால் வளர்ந்துவிட்டது. சொந்தக்காரர்கள் ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில். சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், மற்றவர்கள் மலரில் வாசிப்பீர்கள். வாடகைக்குக் கேட்டால் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு, அலுவலகத்துக்கு என்கிறீர்கள், ஒரு வருட முற்பணம் என்கிறீர்கள். தனிப் பெண்ணுக்குக் கேட்டால், "ஆர் ஆக்கள்?" என்கிறீர்கள்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. இருக்க விட்டவர் பத்து வருடத்தில் ஆட்சி உரிமை கேட்டால்? சட்டத்தரணிகளான இரண்டு பழைய மாணவிகளைக் கேட்டேன். உங்கள் அனுமதியோடு, எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் இருப்பவரின் இருப்பு உங்களுக்கு எதிரான ஆட்சி ஆகாது. ஆகவே எழுதுங்கள், ஆண்டுக்கொருமுறை புதுப்பியுங்கள், தூரத்திலிருந்தால் இங்கே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுங்கள். போர்க்காலத்தில் நீதிமன்றம் போக முடியாமல் காணி இழந்தவர்களுக்கென 2016 இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. அதையும் அவர்கள் விளக்குவார்கள். முழு வீட்டையும் நான் கேட்கவில்லை. பின்னறை, குசினி, கிணற்றடி போதும். கூரை ஒழுகாமல் பார்க்க ஓர் ஆளும் கிடைக்கும்.

இன்னொன்று, தாய்மாருக்கு. மகளுக்கு வீட்டை எழுதுங்கள், ஆனால் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மகள்மாரே, அம்மா கூச்சத்தில் கேட்க மாட்டா, நீங்களே நொத்தாரிசிடம் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்காக வெளிநாட்டிலுள்ள என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு எடுத்தேன். "இவரைக் கேட்டுச் சொல்லுறன்" என்றாள். இன்னும் சொல்லவில்லை. கடைசியில் நமக்கு மனையியல் படிப்பித்த, இப்போது தனியே இருக்கும் ரீச்சர் ஒருவர் தன் பின்னறையைத் திறந்தார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கண்டிப்பான கட்டளை. முதல் மாதம் இருவருக்கும் சமையலில் ஒத்துவரவில்லை. ரீச்சருக்கு உறைப்புக் கூடாது, அம்மாவுக்கு உறைப்பில்லாமல் இறங்காது. இப்போது இரண்டு அடுப்பு. போன கிழமை கிளினிக்குக்கு வந்தபோது ஒரு பையில் மூன்று கத்தரிக்காய் கொண்டுவந்தார், கிணற்றடியில் அவர் வைத்த கன்றில் காய்த்தவை. காலைப் பார்த்தேன். புண் மாறிவிட்டது.

என் வாட்டில் இப்போது அப்படி இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். வாசல் மேசையில், சங்கப் புத்தகத்துக்குப் பக்கத்தில், ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பூட்டிய வீடு எந்த ஒழுங்கையில், திறப்பு யாரிடம் என்று எழுதினால் போதும், மிச்சத்தை நாங்கள் வந்து கதைக்கிறோம். பேனை கட்டித் தொங்குகிறது, தயவுசெய்து அதைக் கொண்டுபோக வேண்டாம்.