தலையெழுத்து அல்ல, தடுக்கலாம்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஹலியகொட டவுனில் இறங்கி, மழையில் நனைந்த சப்பாத்தோடு இந்த மண்டபத்துக்குள் நுழைந்தபோது எனக்கு மறுபடியும் பதின்மூன்று வயதாகிவிட்டது. காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், எங்கள் டீச்சர் அவளைத் தனியே கூட்டிச் சென்று உட்காரவைத்து, "காலையில என்னம்மா சாப்பிட்டே?" என்று மெதுவாகக் கேட்பார். விழுந்ததற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்ற பாடத்தை நான் படித்தது இங்கேதான். வைத்தியரான பிறகு அதை ஒருமுறை மறந்தேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் புதிதாகக் கடமையேற்றிருந்த காலம். ஓர் இரவு, தோட்டத்துப் பெண் ஒருவரைக் கணவர் கூட்டி வந்தார். இடது முன்கையில் எலும்பு முறிவு. "பீலியடியில வழுக்கி விழுந்துட்டாங்க" என்றார் கணவர். பேசியதெல்லாம் அவர்தான். அன்று அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தியே. எக்ஸ்ரே எடுத்தோம், பிளாஸ்டர் போட்டோம். 'வழுக்கி விழுந்தது' என்று டிக்கெட்டில் எழுதினேன். புறப்படும்போது அந்தப் பெண், "டொக்டரம்மாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். "எஹலியகொட" என்றேன். ஏதோ சொல்ல வந்தவர் போலச் சற்று நின்றார். வெளியே நோயாளர்கள் காத்திருந்தார்கள். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். பிளாஸ்டர் வெட்டுவதற்கு அவர் திரும்பி வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வன்முறையையும் காயங்களையும் தடுப்பது பற்றிய ஒரு பயிற்சியில் உட்கார்ந்திருந்தேன். வழுக்கி விழுகிறவர் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றுவார். அதனால் மணிக்கட்டருகே, பெருவிரல் பக்கத்து எலும்பு முறியும். தலையை நோக்கி வரும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் முறியும். இதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் கேள்வி கேட்க இது போதும். பயிற்றுநர் படத்தைக் காட்டியபோது என் கண்முன் வந்தது அந்தப் பெண்ணின் எக்ஸ்ரேதான். எலும்பைச் சரியாகப் பார்த்தேன்; அவரைப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட பயிற்சி மருத்துவத்துக்குப் புதியது. வன்முறை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது 1996இல். உலக சுகாதார நிறுவனம் வன்முறையும் சுகாதாரமும் பற்றிய தன் முதல் உலக அறிக்கையை 2002இல் வெளியிட்டது. 2005இல் இத்துறைக்கென 'டீச்-விஐபி' என்ற பாடத்திட்டத்தையும் உருவாக்கித் தந்தது. அதன் அடிப்படை எளிமையானது. எத்தனை பேருக்கு, எங்கே, எப்படி நேர்கிறது என்று எண்ணு. ஏன் நேர்கிறது என்று தேடு. எது தடுக்கும் என்று செய்து பார். பலன் தந்ததை ஊரெங்கும் கொண்டு செல். மலேரியாவுக்கும் வாந்திபேதிக்கும் செய்ததைக் காயத்துக்கும் செய்யலாம் என்பதே இதன் பொருள்.

"அதெல்லாம் தலையெழுத்து டொக்டர்" என்பார்கள் நம் ஊரில். நம் நாட்டிலேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன.

லயத்தில் குப்பி விளக்கில் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அது சரிந்து எத்தனை பிள்ளைகள் தீக்காயம் பட்டார்கள்! சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அந்தக் காயங்களுக்கு மருந்து கட்டுவதோடு நிற்கவில்லை. குள்ளமான, கனமான, இரு பக்கமும் தட்டையான, திருகு மூடி போட்ட ஒரு விளக்கை உருவாக்கினார். அது எளிதில் சரியாது. சரிந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. 'சுதீப' என்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. "பிள்ளைகளே, கவனம்" என்று புத்தி சொல்வதோடு நில்லாமல், அவர் விளக்கையே மாற்றினார்.

இரண்டாவது, நம் தோட்டங்களும் வயல்களும் நன்கறிந்த துயரம். 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. மிகக் கொடிய நச்சு கொண்ட விவசாய மருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பத்தே ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியானது. மனிதர்களின் கவலைகள் ஓய்ந்துவிடவில்லை. ஆனால் ஒரு நிமிட ஆத்திரத்தில் கைக்கெட்டிய பொருள் முன்போல உயிரைப் பறிக்கவில்லை. தப்பிய பலர் பின்னர் பேரப்பிள்ளைகளையும் கண்டிருப்பார்கள்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். 2019இல் நாடு முழுவதும் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வில், ஐந்து பெண்களில் ஒருவர் தன் துணைவரின் கையால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் அனுபவித்ததாகச் சொன்னார். இது லயத்துக்கு மட்டும் உரிய கதை என்று எண்ண வேண்டாம். பங்களாவிலும் கொழும்பு மாடிவீட்டிலும் கடல் கடந்த ஊர்களிலும் இது நடக்கிறது. நம்மிலும் சிலர் இருக்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளை பெற வழி தருகிறது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்', சிங்களத்தில் 'மிதுரு பியச', இயங்குகிறது. ஆனால் அந்த அறையின் கதவு வரை ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாராவது வேண்டும்.

அந்த 'யாராவது' என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயிற்சி ஐந்து சொற்களில் சொல்லித்தருகிறது: காதுகொடு, தேவையைக் கேள், நம்பு, பாதுகாப்பை யோசி, உதவியோடு இணைத்துவிடு. "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதே. "விட்டுட்டு வா" என்று கட்டளையிடாதே. முடிவு அவளுடையது.

சப்ரகமுவையில் நமக்கென்றே இன்னொரு பாடமும் உண்டு. நம் பெண்கள் பலருக்குச் சிங்களம் சரளமில்லை. கடமையில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாதபோது, அழைத்து வந்த ஆணே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். அடித்தவரே அடிபட்டவருக்காகப் பேசினால் உண்மை எப்படி வெளிவரும்? குடும்பத்தாரை மொழிபெயர்க்க வைக்காதே, தனியாகப் பேசு என்பது பயிற்சியின் கண்டிப்பான விதி. எனக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் நான் தனியாகக் கேட்கவில்லை. மொழி மட்டும் போதாது, சகோதரிகளே. கேட்கப் பழக வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நூற்றாண்டு நினைவாக மண்டபத்துக்கு வர்ணம் பூசுவோம், நல்லது. அதோடு ஆண்டுக்கு ஒரு நாள், இதே மண்டபத்தில், தமிழில் ஒரு பயிற்சி நடத்துவோம். ஆசிரியைகள், தோட்டத்து மருத்துவமாதுகள், பிள்ளைக் காம்பராவில் கடமையாற்றும் அம்மாமார், கொழுந்து மலையில் பெண்களோடு நாளெல்லாம் நிற்பவர்கள் எல்லோரையும் அழைப்போம். பாடம் நடத்த நான் வருகிறேன். தூரத்தில் இருப்பவர்கள் பஸ் காசுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் பொறுப்பெடுங்கள். மூன்று இலக்கங்களையும் வகுப்பறைச் சுவரில் எழுதிவைப்போம்: பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, மனநல உதவிக்கு 1926.

அந்தப் பெண்ணை நான் மறுபடி சந்திக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது "விழுந்துட்டேங்க" என்று வந்தால், கூட வந்தவரை மரியாதையாக வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, எங்கள் டீச்சரைப் போல மெதுவாகக் கேட்கிறேன். பல தடவைகள் அவர்கள் உண்மையாகவே விழுந்திருப்பார்கள். சில தடவைகள் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்திருப்பார்கள்.

கேட்கக் கற்றுத் தந்த இந்தப் பாடசாலைக்கு நன்றி.