மோதுண்ட காரும் நம் கைவேலையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

முத்தமிழ் முழங்கும் மேடையில் காரின் நசுக்கலைப் பற்றிப் பேச்சா என்று சிலர் வியக்கலாம். நம் குடியிருப்பில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. கீறல் படாத காரைக் காண்பது அதனினும் அரிது. மோதலுக்குப்பின் எதனை நாமே வீட்டு வாயிலில் செப்பமிடலாம், எதனைத் தொடலாகாது என்னும் எல்லையை வரையறுப்பதே நம் நோக்கம். அவ்வெல்லையை மறந்தால் இழப்பது பணம் மட்டுமன்று.

2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாசடரை நம்மில் பலர் அறிவோம். அதன் தடித்த தகட்டைத் தட்டி நிமிர்த்துவதே அந்நாளைய வைத்தியம். இன்றைய கார் வேறு. மோதலின் விசையைத் தான் ஏற்று மடிந்து, உள்ளிருப்போரைக் காக்குமாறு அதன் முன்புறமும் பின்புறமும் அமைக்கப்பெறுகின்றன. பேலா பாரெனி என்னும் பொறியாளரின் இக்கருத்து 1959-இல் மெர்சிடிஸ் காரில் வடிவம் பெற்றது. மடிந்த சட்டத்தைச் சூடேற்றி அடித்து நேராக்கினால் தோற்றம் மீளும்; வலிமை மீளாது.

ஆகவே சுத்தியலை எடுக்குமுன் சோதனை வேண்டும். வண்டியின் அடியில் எண்ணெயோ குளிர்நீரோ பிரேக் திரவமோ ஒழுகுகின்றதா? கதவுகள் முன்போல் ஒலியின்றி மூடுகின்றனவா? பானெட்டின் இருபுற இடைவெளியும் ஒத்துள்ளனவா? நேர்ச்சாலையில் ஸ்டியரிங் ஒருபுறம் இழுக்கின்றதா? ஒன்றில் குறை காணினும் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துச் செல்வித்தலே முறை.

அடுத்தது காப்பீடு. பழுது பார்க்குமுன் நிழற்படம் எடுத்து, நிறுவனத்திற்கு அறிவித்தல் வேண்டும். எனினும், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குரிய சலுகை, முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாண்டுகளில் 50 வரை உயர்வது. ஒருமுறை கோரினால் பொதுவாக அச்சலுகை முழுதும் போய்விடும். சிறு நசுக்கலுக்கு அதனை இழப்பதா, நம் கையால் செப்பமிடுவதா என்று கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

இனி, நாம் செய்யத்தக்கன. பிளாஸ்டிக் பம்பர் உட்குழிந்திருப்பின் வெந்நீர் ஊற்றி இளக்கி, கையுறை அணிந்து உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் பழைய வடிவம் பெறும். தகட்டில் சிறு பள்ளமாயின், பெயிண்டைச் சுரண்டி, துருவகற்றி, பட்டி பார்க்கலாம். பட்டி கால் அங்குலத்திற்கு மேல் தடித்தால் வெடிக்கும். உலர்ந்தபின் 80, 180, 320 என எண் உயரும் முறையில் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, வண்டியின் வண்ணக் குறியீட்டுக்கு ஒத்த பெயிண்டை மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். நம் ஊரில் டிங்கரிங் என்றும் இங்கே டென்டிங் என்றும் வழங்கும் தொழிலில் அவசரமே முதற்பகை. காற்றோட்டமுள்ள இடமும் முகக்காப்பும் இன்றியமையாதன. குழந்தைகள் அருகே நிற்றல் ஆகாது.

செய்யத்தகாதனவும் உள. ஏர்பேக், வெடித்திருப்பினும் வெடியாதிருப்பினும், நம் கைக்குரியதன்று. மோதலில் இறுகிய இருக்கைப்பட்டை, பிரேக், ஸ்டியரிங், பம்பருக்குப் பின்னுள்ள இரும்புச் சட்டம், மின்காரின் ஆரஞ்சு நிறக் கம்பிகள் ஆகியவையும் அவ்வாறே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிரைப் பணயம் வைத்தலாகும்.

தாய்நாடு விட்டு வந்த நம் குடும்பங்களுக்குச் சிக்கனம் புதிதன்று. கிழிந்ததைத் தைத்தும் உடைந்ததை ஒட்டியும் வாழ்ந்து உயர்ந்தோம். அக்கைத்திறனை நம் மக்களுக்கும் பயிற்றுவோம். ஆனால் தகட்டின் அழகை நாம் மீட்கலாம். உயிர் காக்கும் உறுப்பை அதற்குரியோரிடமே ஒப்புவிப்போம். நாளை அதே வண்டியில், பின்னிருக்கையில் அமரப்போவோர் நம் பிள்ளைகளே.