மறைந்து நிற்கும் வேலையின்மை



ஒருவரே வெட்டி முடிக்கக்கூடிய பால்மர நிரையில் குடும்பத்தார் மூவர் இறங்கினால், மூவரும் உழைப்பவராகவே காணப்படுவர். ஆயினும், இருவர் விலகினாலும் பால் குறையாது. இதனையே மறைமுக வேலையின்மை என்கிறோம். வளரும் நாடுகளில் இவ்வாறு தேங்கி நிற்கும் உழைப்பைத் தொழில்துறை ஈர்த்துக்கொள்ளும் என 1954இல் எழுதிய ஆர்தர் லூயிஸ், 1979இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டில் நிகழ்ந்தது யாது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் நின்ற இடத்தில், குறைந்த ஆட்களே போதுமான செம்பனை வந்தது. வெளியேறியோர் பலர் கம்போங் மேடான் போன்ற புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கினர். பெட்டாலிங் ஜெயாவின் தொழிற்சாலைகள் அருகிலிருந்தும், கைத்தொழில் அறியாதோர்க்கு அன்றாடக் கூலியே கிட்டியது. 2001 மார்ச்சில் அவ்வட்டாரத்தில் மூண்ட மோதலில் அறுவர் மாண்டனர். வறுமையும் இடநெருக்கடியும் அதன் பின்னணியில் இருந்தன.

2018இல் நடப்புக்கு வந்த சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் வேலையிழந்தோர்க்கு உதவுகிறது. ஆனால், சந்தா செலுத்தப்பட்ட பெயருக்கே அவ்வுதவி உண்டு. தந்தையின் நிரையில் கைகொடுக்கும் வயது வந்த மகனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே, தோட்டம் மூடப்படும் நாள்வரை காத்திராமல், அவனுக்கென ஒரு தொழிற்பயிற்சியையும், அவன் பெயரிலேயே ஒரு வேலையையும் இன்றே தேடுவோம்.