சிங்கப்பூர் உணவங்காடிகள்

பொருள் தேடியோ, உற்றாரைக் காணவோ, வேறு நாடு செல்லும் வழியில் ஓரிரு நாள் தங்கவோ இலங்கையிலிருந்து சிங்கப்பூர் செல்வோர் பலர். அவருட் சிலர் தாம் தங்கும் விடுதியிலேயே உண்டுவிட்டு, அந்நகரில் உணவு விலை தாங்கவொண்ணாது என்று சொல்லிக்கொண்டு திரும்புவர். உணவங்காடி நிலையத்தின் படியை மிதியாதவர் கூற்று அது.

கூரையுண்டு, பெரும்பாலும் சுவரில்லை, நடுவே பொதுவான மேசைகள், சுற்றிலும் வரிசையாகச் சிறு கடைகள். ஒவ்வொரு கடையிலும் ஓரிரு பண்டங்களே கிடைக்கும். இத்தகைய இடத்தையே சிங்கப்பூர்த் தமிழர் உணவங்காடி நிலையம் என்பர். இதன் பிறப்பு தெருவில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சீனரும் மலாயரும் தமிழரும் காவுதடியில் உணவு சுமந்து தெருத்தெருவாக விற்றனர். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியராய் வந்த கூலியாளர்க்கு அம்மலிவுணவே உயிர் காத்தது. ஆயின், குழாய்நீர் வசதியில்லை. எச்சிலும் கழிவும் கானிலும் ஆற்றிலும் கலந்தன. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அரசினர் ஏறத்தாழ 18,000 தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தனர். 1971 முதல் 1986 வரை நிலையங்கள் அமைத்து அவர்களை அங்கே குடியேற்றினர். தெருவைத் துப்புரவாக்குதல் எந்த நகரசபைக்கும் இயலும். அகற்றப்பட்டவன் மறுநாளும் அதே தொழிலால் பிழைக்க இடங்கொடுத்தல் அரிது. இன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள. 2020 டிசெம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இவ்வுணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

எங்கே செல்வது? தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிராங்கூன் வீதியிலுள்ள தேக்கா நிலையம். தேக்கா என்பது மூங்கிலடி எனப் பொருள்படும் சீனச் சொல்லின் திரிபு. 1982இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. ஒருபுறம் மீனும் முருங்கைக்காயும் வாழையிலையும் விற்கும் சந்தை. மறுபுறம் தோசையும் பிரியாணியும் மணக்கும் கடைகள். ஆனால், தோசையை யாழ்ப்பாணத்திலும் உண்ணலாம். அங்கே தேடியுண்ணத் தக்கது ரோஜாக். இறால் வடை, உருளைக்கிழங்கு, தோபு முதலியவற்றைப் பொரித்து வெட்டி, இனிப்பும் காரமும் கலந்த செந்நிறக் குழம்பில் தோய்த்து உண்பர். இந்தியாவிலிருந்து சென்ற முஸ்லிம்கள் அம்மண்ணில் ஆக்கிய பண்டம் இது. தமிழ்நாட்டில் இதனைக் காணமுடியாது.

மாரியம்மன் கோவிலை வணங்கியபின் சற்று நடந்தால் மாக்ஸ்வெல் நிலையம் வரும். அங்கே கோழிச்சோறு பெயர் பெற்றது. சீனத்தின் ஹைனான் தீவிலிருந்து வந்தோர் தந்த உணவு அது. முழுக்கோழியைக் கொதியாத வெந்நீரில் மெல்ல வேகவைத்து, உடனே குளிர்நீரில் இடுவர். தோல் இறுகித் தசை மென்மையாயிருக்கும். அரிசியைக் கோழிக்கொழுப்பில் இஞ்சி, உள்ளி சேர்த்து வறுத்து, அக்கோழி வெந்த நீரிலேயே றம்பையிலை இட்டுச் சமைப்பர். பார்வைக்கு வெண்மையான, எளிய சோறு; இறைச்சியில்லாமலே உண்ணத் தோன்றும்.

கிழக்கே கத்தோங் பகுதியில் லக்சா உண்ணலாம். தேங்காய்ப்பாற் குழம்பில் அரிசி நூடில்ஸை நறுக்கியிட்டு, கரண்டியால் மட்டுமே உண்பது அவ்விடத்து வழக்கம். அங்கே இலங்கையின் பெயரால் வழங்கும் சிலோன் வீதியும், இலங்கைத் தமிழர் பேணிவந்த செண்பக விநாயகர் ஆலயமும் உள. மலாய் உணவு விரும்புவோர் கேலாங் சிராய் சந்தையின் மேல்மாடிக்குச் செல்வாராக.

சைவ உணவினர்க்கு ஓர் எச்சரிக்கை: மரக்கறி என்று காணப்படுவதிலும் இறாற் கூழோ பன்றிக்கொழுப்போ கலந்திருக்கலாம். கேட்டுண்பது நன்று. கோப்பி வாங்குவதிலும் விவரம் வேண்டும். வெறுமனே கேட்டால் ரின்பால் கலந்து தருவர். 'கோப்பி ஓ' என்றால் பாலின்றிச் சீனி மட்டும். 'கோசோங்' என்னும் மலாய்ச் சொல்லைச் சேர்த்தால் சீனியும் இராது.

மேசையில் ஒரு கடுதாசிக் கைக்குட்டைப் பொதி கிடந்தால், அவ்விடம் ஒருவருக்கு உரியது என்பது பொருள். அதனை எவரும் எடுப்பதில்லை. உண்டபின் தட்டை உரிய இடத்தில் வைத்தல் 2021 முதல் சட்டப்படியான கடமை. ஹலால் தட்டுகளுக்குத் தனித் தட்டுநிலை உண்டு. ஒரே மேசையில் பல மதத்தினரும் உண்ண அது வழி செய்கிறது.

2016இல் இத்தகைய சிறுகடைகள் இரண்டுக்கு மிஷலின் உணவு வழிகாட்டி விண்மீன் வழங்கியது. புகழ் வந்தது, எனினும், விலையை உயர்த்தினால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கின்றனர். அரிசியும் எண்ணெயும் விலையேறினும் ஒரு தட்டுச் சோறு சில வெள்ளிக்கே கிடைக்கவேண்டும் என எல்லோரும் எதிர்பார்க்கின்றனர். அச்சுமை கடைக்காரர் தோளில் விழுகிறது. விடியுமுன் எழுந்து எலும்பு வேகவைத்து, நாள் முழுதும் அடுப்பருகே நிற்கும் இத்தொழிலில் உள்ளோரிற் பாதிப்பேர் அறுபது வயதை அண்மித்தோர் அல்லது கடந்தோர். பிள்ளைகளைப் படிக்கவைத்து அலுவலகத்துக்கு அனுப்பியவர்களும் அவர்களே. அப்பிள்ளைகள் தாச்சியைத் தொட விரும்பாததில் வியப்பில்லை. முதியோர் தம் கைமுறையைப் பிறருக்குக் கற்பித்துக் கடையை ஒப்படைக்கும் திட்டமொன்றை அரசினர் 2022இல் தொடங்கினர். சிலர் இணைந்துள்ளனர், வேறு சிலர் ஓய்வு நாளில் கதவடைத்துவிட்டு, கைமுறையைத் தம்மோடு வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றனர். சிங்கப்பூர் செல்லும் நேயர்கள் நண்பகலுக்கு முன்பே செல்லல் நன்று. முதியவர் நடத்தும் நல்ல கடைகளிற் பல, பானை வெறுமையானதும் அன்றைக்கு மூடிவிடும்.