எந்த விஞ்ஞானப் பத்திரிகையைப் படிப்பது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் படிப்பறைக்கு விஞ்ஞானப் பத்திரிகை வரவழைக்க வேண்டும் என்று செயற்குழுவினர் தீர்மானித்திருக்கின்றனர். கையிலுள்ள பணமோ சிறிது. கடைகளில் தொங்கும் பத்திரிகைகளோ பல. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது குறித்துச் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்துள்ளனர். நாம் விஞ்ஞானி அல்லோம். படிக்கும் பழக்கமும், அப்பழக்கத்தால் நேர்ந்த ஒரு பிழையுமே நமக்குள்ள தகுதி. அப்பிழையை முதலில் சொல்லிவிடுதல் முறை.

சாந்த்ராகாச்சி ஏரியை அறியாதார் இவ்வவையில் இல்லை. ரயில் நிலையத்தை அடுத்துக் கிடக்கும் அந்நீர்ப்பரப்பில், கார்த்திகை பிறந்ததும் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து இறங்குகின்றன. மாசி வரை தங்குகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் குழந்தைகளை அக்கரைக்கு அழைத்துச் சென்றோம். “இவை யாவும் சைபீரியாவிலிருந்து பறந்து வந்த விருந்தாளிகள்” என்று பெருமிதத்தோடு விளக்கினோம். வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு வந்த ஒரு பத்திரிகையில் படித்த செய்தி அது. கூட்டத்தில் நின்ற ஒரு சிறுமி, “மாமா, அங்கேயிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரிந்தது?” என்று கேட்டாள். விடை கூற நமக்குத் தெரியவில்லை. வீட்டிற்கு வந்து பத்திரிகையைப் புரட்டினோம். அதிலும் விடை இல்லை.

பின்னர் வேறு நூல்களைத் தேடிப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. நம் ஏரியில் மிகப் பெரும்பான்மையாகக் கூடுபவை, சீழ்க்கை ஒலி எழுப்பும் ஒருவகைச் சிறு காட்டுத் தாராக்கள். டெண்ட்ரோசிக்னா ஜாவானிகா என்பது அவற்றின் விஞ்ஞானப் பெயர். அவை இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்பவை. மழைக்காலத்தில் இந்நாட்டிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. நீர் இருக்கும் இடம் நாடி நாட்டிற்குள்ளேயே இடம் மாறுபவை. ஊசிவால் வாத்து போன்ற வடநாட்டுப் பறவைகளும் வருவதுண்டு; ஆனால் அவை சிலவே.

இஃது ஒரு சிறு பிழைதானே என்று அன்பர்கள் எண்ணலாம். அன்று. பறவைகள் சைபீரியாவிலிருந்து வருவன என்று நம்பினால், அவை குறையும் ஆண்டில் சைபீரியாவில் ஏதோ நேர்ந்துவிட்டது என்று வாளாவிருப்போம். அவை நம் நாட்டவை என்று அறிந்தால், நம் குளங்களையும் வயல்களையும் நாம் என்ன செய்தோம் என்று கேட்போம். ஏரியிற் கலக்கும் சாக்கடையைப் பற்றிக் கவலை பிறக்கும். ஆகாயத் தாமரையைக் குளிர்காலத்திற்கு முன்பே அகற்ற வேண்டும். பறவைகள் அமர்ந்து இளைப்பாறத் திட்டுத் திட்டாகச் சிறிது விட்டுவைக்கவும் வேண்டும் என்னும் பொறுப்பும் புலப்படும். தவறான செய்தி, கடமையையே இடம் மாற்றி வைத்துவிடுகிறது.

ஆகவே பத்திரிகையைத் தேர்ந்தெடுக்க நாம் கைக்கொள்ளும் முதல் விதி, அச்சிறுமி கற்பித்ததே: “எப்படித் தெரிந்தது?” ரயில்வே அலுவலகத்தில் தேதியும் கையொப்பமும் இல்லாத பதிவை எவரும் ஏற்பதில்லை, நிறுத்துப் பாராத சரக்கிற்கு எடை எழுதுவதில்லை. விஞ்ஞானச் செய்திக்கும் அதுவே நியாயம். “ஏரியில் இத்தனை ஆயிரம் பறவைகள்” என்று எழுதினால் மட்டும் போதாது. யார் எண்ணினார், எந்த நாளில், எம்முறையில் என்று சொல்ல வேண்டும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்பது 1987 முதல் நடைபெறுவது. தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் ஜனவரியில் எண்ணுகின்றனர். நல்ல பத்திரிகை இத்தகைய விவரத்தை இரண்டு வரியிலேனும் தரும்.

இரண்டாவதாக, சொல்லின் அளவைப் பார்க்க வேண்டும். எலிகளிடம் பயன் தந்த ஒரு மருந்தைப் பற்றி, ‘புற்றுநோய்க்குத் தீர்வு’ என்று தலைப்பிடும் பத்திரிகையை ஒதுக்கிவிடலாம். ‘எலிகளிடம் கண்டது, மனிதரிடம் இனித்தான் சோதிக்க வேண்டும்’ என்று எழுதுவது சுவை குறைந்ததாகத் தோன்றலாம், நம்பிக்கைக்கு உரியது அதுவே. அதே பக்கத்தின் ஓரத்தில் சர்வரோக நிவாரணி விளம்பரம் இருக்கிறதா என்பதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

மூன்றாவது சோதனை, பிழையை ஒப்புக்கொள்ளும் பண்பு. உலகப் புகழ் பெற்ற நேஷனல் ஜியாகிரஃபிக் பத்திரிகை 1999 நவம்பர் இதழில், டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட உயிர் என்று சீனத்துப் புதைபடிவம் ஒன்றை வெளியிட்டது. ‘ஆர்க்கியோராப்டர்’ என்று அதற்குப் பெயரும் சூட்டிற்று. பிறகு ஆராய்ந்ததில், வெவ்வேறு உயிர்களின் எலும்புத் துண்டுகளை ஒட்டிச் செய்த போலி அஃது என்பது வெளிப்பட்டது. அப்பத்திரிகை அதை மறைக்கவில்லை. பிழை நேர்ந்த வரலாற்றை விசாரித்து, 2000 அக்டோபர் இதழில் விரிவாக வெளியிட்டது. தவறாத பத்திரிகை உலகில் இல்லை. தவறியதை அச்சிடும் பத்திரிகையைத்தான் நாம் தேட வேண்டும்.

நான்காவது, பழைய இதழ்ச் சோதனை. பழைய புத்தகக் கடையில் ஐந்தாண்டுக்கு முந்திய இதழ் ஒன்றை வாங்கிப் படியுங்கள். ‘விரைவில் வரும்’ என்று அது முழங்கியவற்றில் எத்தனை வந்தன? விளக்கங்களில் எத்தனை இன்றும் நிற்கின்றன? வியப்பூட்டுவதற்கென்றே எழுதியவை உதிர்ந்திருக்கும். விளங்க வைப்பதற்காக எழுதியவை நின்றிருக்கும்.

மொழி பற்றியும் ஒரு சொல். நாம் வாழும் இந்த வங்க நாடே இதில் நமக்கு வழிகாட்டி. விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போஸ், ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். அவர் 1948இல் வங்கீய விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவி, ‘ஞான் ஓ பிஞ்ஞான்’ என்னும் மாத இதழைத் தாய்மொழியில் தொடங்கினார். அவ்விதழின் ஆசிரியராகத் தொண்டாற்றிய கோபால் சந்திர பட்டாச்சார்யர் கல்லூரிப் பட்டம் பெறாதவர். அழுகும் தாவரங்கள் இருளில் ஒளிர்வதைக் கண்டு ‘பிரவாசி’ பத்திரிகைக்கு அவர் எழுதிய கட்டுரை, ஜகதீச சந்திர போஸின் பார்வையை ஈர்த்தது. அவருடைய ஆய்வுக்கூடத்தில் இடமும் பெற்றுத் தந்தது. தாம் கண்டதைக் கண்டபடி எழுதிய ஒரு கட்டுரையின் பயன் இது.

தமிழிலும் இப்பணி புதிதன்று. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பரும் விஞ்ஞானக் கலைச்சொற்களுக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினர். வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி நெடுங்காலம் எளிய தமிழில் விஞ்ஞானம் எழுதினார். நாடு விடுதலை பெற்றதையடுத்துக் கோவையில் ஜி. ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ தொடங்கினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் சிறுவர்க்கென ‘துளிர்’ இதழைத் தொடங்கிற்று.

இனி நம் பரிந்துரை. சிறுவர்க்குத் துளிர், வேற்றுமொழிப் பள்ளியிற் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தோடு உறவு அறாமலிருக்கவும் அது துணை செய்யும். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு, மத்திய விஞ்ஞான தொழிலாராய்ச்சிக் கழகம் 1964இல் தொடங்கிய ஆங்கில மாத இதழாகிய ‘சயன்ஸ் ரிப்போர்ட்டர்’. கல்லூரியிற் படிப்போர், பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான அகாடமியார் 1996 முதல் வெளியிடும் ‘ரெசோனன்ஸ்’ இதழின் கட்டுரைகளைக் கணினி வழியே கட்டணமின்றிப் படிக்கலாம். ஆயினும் நம் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிட வேண்டா. ஒவ்வொன்றிலும் மூன்று மாதிரி இதழ்களைத் தருவித்து, மேற்சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்துச் செயற்குழு முடிவு செய்யட்டும்.

அன்று கேள்வி கேட்ட சிறுமி இப்போது பத்தாம் வகுப்பு மாணவி. இதோ இந்த அவையில் அமர்ந்திருக்கிறாள். அம்மா, அன்று நாம் உன்னிடம் சொன்னது தவறு. பலர் முன்னிலையில் சொன்ன தவற்றைப் பலர் முன்னிலையில் திருத்துவதே அழகு என்பதால் இங்கே கூறினோம். மாதிரி இதழ்கள் வந்ததும் அவற்றை முதலில் உன் கையில் கொடுக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உன் கேள்விக்கு எந்தப் பத்திரிகை விடை வைத்திருக்கிறதோ, அதுவே நம் படிப்பறைக்கு வரத்தக்கது.